கேட்லியா ஆர்க்கிட்டில் காய்ந்த உறையை உரிக்கலாமா? மொட்டுக்கு ஆபத்து வராதா?

மாடியில் வளரும் கேட்லியாவின் தண்டைச் சுற்றி உறை காய்ந்து வெள்ளைத் தாள் மாதிரி நிற்கிறது, உச்சியில் இலையடியில் உள்ள உறையும் பழுப்பாகிவிட்டது, இரண்டையும் வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டைச் சுற்றியிருப்பதை உரிக்கலாம். உச்சியில் இருப்பதில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

கோபி பக்கம் கரும்பும் தென்னையும் உள்ள வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு இது இப்படித்தான் புரிந்தது: தண்டைச் சுற்றியிருப்பது சோகை (கரும்பின் காய்ந்த இலையை அப்படித்தான் சொல்வோம்), உச்சியில் நிற்பது பாளை. காய்ந்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம், ஆனால் செய்கிற வேலை வேறு.

முதலில் சோகை. கரும்பில் 5-ஆம் மாதமும் 7-ஆம் மாதமும் சோகை உரிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் அடியில் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் ஒளிந்துகொள்வதுதான். கேட்லியாவிலும் அதே கதை. காய்ந்த உறையை விலக்கிப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். பெரும்பாலும் அது செதில் பூச்சியாகத்தான் இருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். முட்டை பொரித்து மறுபடி வரும் என்பதால் வாரம் ஒரு முறை, நாலைந்து வாரமாவது தொடர வேண்டும்.

ஆனால் உரிக்கிற விதம்தான் முக்கியம். தண்டின் அடியில், வேர்த்தண்டோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பரு இருக்கும், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கூர்மையாக. அடுத்த வருடத்துத் தண்டு அதிலிருந்துதான் வரும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. உறையின் நுனியைப் பிடித்துக் கீழே சரேலென்று இழுத்தேன். உறையோடு சேர்ந்து பச்சையாக ஒரு துணுக்கு கையில் வந்தது. அது பருதான் என்று தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. மறுபக்கத்துப் பரு விழித்து முளைவிட ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடம் பூவே இல்லை. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். "விதைக்கரும்புல சோகைய எப்படி எடுப்போம்? கீழ இழுக்கக் கூடாது கண்ணு, பருவு போயிரும்" என்றார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆர்க்கிட் என்றதும் அது வேறு உலகம் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது நான் செய்வது இது. உறை முழுக்கக் காய்ந்து, தொட்டால் சலசலக்கும் வரை விட்டுவிடுவேன். பச்சையாக இருக்கும் வரை அது இளந்தண்டுக்கும் பருவுக்கும் காவல். காய்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தாள் இளகிவிடும். உச்சியிலிருந்து நகத்தால் நடுவில் கீறி, வாழைப்பட்டையைக் கிழிப்பது போல இரண்டாகப் பிரித்து, பக்கவாட்டில் எடுக்க வேண்டும். கடைசி ஒரு விரல்கடை அடியில் ஒட்டிக்கொண்டு வராமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பூச்சி இல்லையென்றால் எல்லாவற்றையும் உரித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இனி பாளை. தென்னம்பாளைக்குள் பூ இருப்பது போலவே இதற்குள் மொட்டு உருவாகும். சில வகைகளில் பாளை பச்சையாக இருக்கும்போதே மொட்டு வெளியே வந்துவிடும். வெனிசுவேலாவின் தேசிய மலரான கேட்லியா மோஸ்ஸியேயில் பாளை மாதக்கணக்கில் காய்ந்து நின்று, வசந்தத்தில்தான் பூக்கும். காய்ந்துவிட்டதே என்று வெட்டுபவர்கள் மொட்டு வரவேண்டிய வழியையே வெட்டிவிடுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. இரவில் பாளைக்குப் பின்னால் டார்ச் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவும். அடியில் கருநிழலாக மொட்டு தெரியும், முதலில் அரிசி அளவு, அப்புறம் பாதாம் அளவு. இதைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் மாடிக்குப் போவேன்.

மொட்டு கருகுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். கேட்லியா லேபியாட்டா என்ற வகை நமக்குச் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பூக்கும். அதாவது மொட்டு பாளைக்குள் இருக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. போதாததற்கு அதில் பாளை இரட்டை. உள்ளே நீர் தங்கினால் இரண்டே நாளில் மொட்டு கறுத்துக் கூழாகிவிடும். மழைக்காலத்தில் செடியைக் கூரைக்குள் வையுங்கள், காலையில் மட்டும் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். உள்ளே நீர்த்துளி தெரிந்தாலோ, மொட்டு இருக்கும்போதே பாளை மஞ்சளாகி நைந்தாலோ, டார்ச்சில் தெரியும் மொட்டின் நிழலுக்கு நன்றாக மேலே, பாளையின் நுனியை மட்டும் கத்தரித்துக் காற்றுப் போக வழி செய்யுங்கள். கத்தரியை நெருப்பில் காட்டி ஆறவிட்டே பயன்படுத்துங்கள். சாறு வழியாக வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், ஸ்பிரிட்டில் துடைத்தால் மட்டும் போகாது.

மொட்டு வெளியே வந்தபின் தொட்டியைத் திருப்பாதீர்கள், வெளிச்சத்தைத் தேடிப் பூத்தண்டு முறுக்கிக்கொள்ளும். பழுக்கிற வாழைத்தார் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டை வாடவைக்கும். நத்தை தொல்லை இருந்தால் தண்டைச் சுற்றிப் பஞ்சு கட்டுங்கள்.

உங்களிடம் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டும் இருந்தால், அதன் தண்டில் ஒட்டிய வெள்ளைத் தாளைப் பூச்சி இல்லாதவரை நான் உரிப்பதில்லை. இலை உதிர்ந்த பழைய தண்டையும் வெட்ட மாட்டேன், அதிலும் பூக்கும்.

இன்று இரவே டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் தெரியாவிட்டாலும் அடுத்த தண்டு முற்றும் வரை அந்தப் பாளை அங்கேயே நிற்கட்டும்.