பொடியை நிறுத்தச் சொன்ன டொக்டர் குளிசை எழுதியது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. முழங்கால் உளைவுக்காக, வீட்டுக்கு வரும் ஏஜென்ட் ஒருவரிடம் எட்டு மாதமாக ‘மூலிகைப் பொடி’ வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாளே எழும்பி நடந்தார். இப்போது முகம் வட்டமாக ஊதிவிட்டது, சீனி வருத்தமும் வந்துவிட்டது. பொடியில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்று கிளினிக்கில் சொல்லிப் பொடியை நிறுத்தினார்கள். ஆனால் ஸ்டீரொயிட் குளிசையையே எழுதித் தந்து, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். கூடாத சாமானை ஏன் திரும்பக் கொடுக்கிறார்கள்? குளிசையை நான் ஒளித்து வைத்துவிட்டேன். – களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள்

பதில்: முதல் வேலையாக அந்தக் குளிசையை எடுத்து அம்மாவிடம் கொடுங்கள். சில நாள் தவறிப்போய், அவருக்கு வாந்தி, தலைச்சுற்று, காய்ச்சல், எழும்ப முடியாத சோர்வு என்று ஏதாவது இருந்தால் கிளினிக் திகதி பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், வாசலிலேயே “எட்டு மாதம் ஸ்டீரொயிட் குடித்தவர்” என்று சொல்லுங்கள்.

சரி, ஏன்? சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல அதிரீனல் என்ற சுரப்பி இரண்டு இருக்கின்றன. அவை கோர்ட்டிசோல் என்ற ஓமோனை நாளுக்கு ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம் சுரக்கின்றன. பொடியில் கலக்கும் ஸ்டீரொயிட் அந்தக் கோர்ட்டிசோலின் முரட்டு அண்ணன். 20 மில்லிகிராம் கோர்ட்டிசோல் செய்வதைச் செய்ய பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம் போதும், டெக்ஸாமெத்தசோன் என்றால் முக்கால் மில்லிகிராமே போதும். ஒரு சிட்டிகைப் பொடியில் இத்தனை வேலையா என்று மலைக்க ஒன்றுமில்லை.

அந்த வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் விஷயம். காணிப் பதிவகத்துக்குப் போயிருப்பீர்கள். பதிவேடு வெளியே வராது, வேண்டிய பக்கத்துக்குப் பிரதிதான் தருவார்கள். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்திலும் கரு என்று ஓர் அறை உண்டு, அதுதான் பதிவகம். ஜீன்கள் அங்குள்ள பதிவேட்டின் பக்கங்கள். ஒரு ஜீனைப் பிரதி எடுத்தால் அதை வைத்துக் கலம் ஒரு புரதத்தைச் செய்யும். எடுக்காவிட்டால் அந்தப் புரதம் இல்லை. எந்தப் பக்கத்தைப் பிரதி எடுப்பது, எதை மூடி வைப்பது என்று சொல்லத்தான் ஓமோன்கள் ஓடித் திரிகின்றன.

இன்சுலின் போன்றவை கலத்தின் வாசலில் நின்று தட்டும். உள்ளே இருப்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியைக் கருவுக்குக் கொண்டுபோவார்கள். ஸ்டீரொயிட் அப்படியல்ல, கொழுப்பில் கரையும் சாமான். சுவரை ஊடுருவி உள்ளே போய், தனக்காகவே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு நேரே கருவுக்குள் நுழைந்துவிடும். அங்கே அழற்சியை, அதாவது வீக்கத்தையும் நோவையும், உண்டாக்கும் ஜீன்களின் பக்கத்தை மூடும். அம்மா மூன்றாம் நாள் நடந்தது அதனால்தான். ஈரலிலோ சீனி செய்யும் ஜீன்களைத் திறந்துவிடும். அதே பக்கங்களை மூடத்தான் இன்சுலின் பாடுபடுகிறது. ஒருவர் திறக்க மற்றவர் மூட, எட்டு மாதம் இழுபறி நடந்தால் சீனி ஏறாமல் என்ன செய்யும்? தோலைத் தாங்கும் கொலாஜன் ஜீனும் மூடுபடும், தோல் மெலியும். அம்மாவின் கையில் சும்மா தட்டுப்பட்டாலே கன்றிப்போகிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. அதிரீனலுக்கு வேலை கொடுப்பது மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி. இரத்தத்தில் ஸ்டீரொயிட் நிறைந்திருந்தால், அதிரீனலுக்குக் கட்டளை அனுப்பும் ஜீனையே அது பிரதி எடுக்காது. கட்டளை வராத அதிரீனல் சும்மா இருந்து சுருங்கிவிடும். திடீரென்று வெளி ஸ்டீரொயிட்டையும் நிறுத்தினால் உடலில் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. ஒரு காய்ச்சல் வந்தாலே இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்தாகும். சுருங்கிய சுரப்பி திரும்ப எழும்ப மாதங்கள் பிடிக்கும். அதுவரை குளிசைதான் ஊன்றுகோல்.

இதை உங்களுக்கு அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம். கிளினிக் கொப்பியில் எழுதுவதோ இங்கிலீசில். வாசிக்கத் தெரியாத கொப்பியை அம்மாமார் பொலித்தீன் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யாருக்காக எழுதுகிறோம் என்று நானும் என்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

அந்த ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். ஒருமுறை ஒரு வயோதிபர் கொப்பித்தாளில் மடித்த பொடி கொண்டுவந்தார். மேசையில் கொட்டி விரலால் பரப்பினேன். கபில நிறத் தூளுக்குள் வெள்ளையாக ஒரு துண்டு, அதில் குளிசையைப் பாதியாக உடைக்கும் கோடு அப்படியே தெரிந்தது. ஒழுங்காக இடிக்கக்கூடப் பொறுமை இல்லை! லேபல் இல்லாத பொடி, “மூன்று நாளில் சுகம்” என்ற வாக்குறுதி, பசி கூடி உடம்பு வைப்பது – மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். பெயரில்லாத டப்பாவில் முகம் வெளுக்க விற்கும் கலவைக் கிரீமும் இந்தக் குடும்பம்தான். மருந்தைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும் என்று இலங்கையில் சட்டம் இருக்கிறது. சட்டம் கடதாசியில் இருக்கிறது, பொடி பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது. பதிவு பெற்ற சித்த வைத்தியரை இதில் நான் சேர்க்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதை வாசித்துவிட்டு வீட்டில் பிள்ளையின் இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) தந்த பம்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதிலும் ஸ்டீரொயிட் இருக்கலாம். ஆனால் அதன் அளவு மைக்ரோகிராமில், மில்லிகிராமில் ஒரு துளிப் பங்கு. அது போவது மூச்சுக்குழாய்க் கலங்களுக்கு, அங்கே வீக்கத்தைக் கிளப்பும் ஜீன்களை மூடத்தான். இரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். பம்ப் அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், வாயில் வெண்படலம் படர்வது குறையும். ஸ்டீரொயிட் உள்ள பம்பை இழுப்பு இல்லாத நாளிலும் டொக்டர் சொன்னபடி அடிக்க வேண்டும். ஜீனை மூடி வைக்கும் வேலை ஒரே நாளில் முடிவதில்லை. “பம்புக்குப் பழகிப்போகும்” என்று அயலில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பம்பை நிறுத்தி, நடுச்சாமத்தில் ஓட்டோவில் நீலம் பாரித்து வந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால், பல் பிடுங்குவதென்றாலும்கூட, டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த நாட்களில் குளிசையைக் கூட்ட வேண்டியிருக்கும். வீட்டில் மிச்சப் பொடி இருந்தால் எறிய வேண்டாம், அடுத்த கிளினிக்குக்கு அதையும் கொண்டு போங்கள்.