வாரம் ஒரு கிரெடிட் கார்டு எடைக்குப் பிளாஸ்டிக் சாப்பிடுகிறோமாமே, உண்மையா?

இல்லை. அந்த எண் தப்பு. ஆனால் "அப்பாடா" என்று இதோடு மூடிவிடாதீர்கள், மீதியையும் படியுங்கள்.

பால் புட்டியிலிருந்தும் பிளாஸ்டிக் உதிருமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ராத்திரி தூக்கம் கெட்ட நேரத்தில் போனில் இதைப் படித்துப் பயந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புட்டிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் விஞ்ஞானி கிடையாது. தண்ணீரிலும் சேற்றிலும் மைக்ரோபிளாஸ்டிக் (பொடிப் பொடியான பிளாஸ்டிக் துகள்) தேடும் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்தவன். மாதிரியைக் கரைப்பது, வடிகட்டுவது, மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க எண்ணுவது, இதுதான் வேலை. அதனால்தான் இந்த 5 கிராம் (ஒரு கிரெடிட் கார்டு எடை) கதை ஒவ்வொரு முறை சுற்றுக்கு வரும்போதும் சுருக்கென்று வருகிறது.

2019-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காக ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் போட்ட கணக்கு அது. பிறகு ஆய்வுக் கட்டுரையாக வந்தபோது வாரத்துக்கு 0.1 முதல் 5 கிராம் வரை என்றுதான் இருந்தது. உச்சியில் இருந்த எண் மட்டும் செய்தியானது. அதற்குள்ளும் ஒரு கோளாறு: ஓர் ஆய்வில் எண்ணிய துகள்களுக்கு, வேறொரு ஆய்வில் கிடைத்த துகள்களின் எடையைப் போட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத தூசிக்குக் கண்ணுக்குத் தெரிகிற துண்டின் எடை போட்டால் கிராம் கணக்கில்தான் வரும். 2021-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு, துகள்களின் அளவு எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வாரத்துக்குச் சுமார் 4 மைக்ரோகிராம் வந்தது (ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்). பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். அந்த வேகத்தில் போனால் ஒரு கார்டு எடை சேர 20,000 வருஷத்துக்கு மேல் ஆகும். இதிலும் எல்லா உணவும் வரவில்லை, ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ள நானோ துகள்களும் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கம்பெனி ஆள் என்று யாராவது எழுதுவார்கள்.

எண்ணுவது எவ்வளவு வம்பு பிடித்த வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு முறை ஏரிச் சேறு மாதிரிகள் வந்தன. உப்புக் கரைசலில் கலக்கி, மிதப்பதை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் இலை தழையெல்லாம் கரைய விட்டு, வடிதாளைப் பார்த்தால் நீல நீலமாக இழைகள். எண்ணிக்கை எகிறியது. மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம், பெரிய எண் என்றால் பெரிய கட்டுரை அல்லவா! மாதிரிகளோடு கூடவே ஒரு 'பிளாங்க்' ஓடும். அதில் சேறே இருக்காது, வெறும் வடிகட்டிய நீரை அதே பாத்திரம், அதே கரைசல், அதே மேசை என்று எல்லாப் படியிலும் கொண்டுபோவோம். அதன் வடிதாளை எடுத்து வைத்தேன். அங்கேயும் அதே நீலம்.

கூட வேலை பார்த்த சீனியர் அக்கா ஏசிக் குளிருக்கு லேப் கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். கை நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் எட்டிப் பார்க்கும். "அக்கா, உங்க ஸ்வெட்டர்ல ஒரு நூல் எடுத்துக்கவா?" என்றேன். "இதுக்கா? தாராளமா எடுத்துக்கோ" என்று கையை நீட்டினார். எஃப்.டி.ஐ.ஆர். கருவியில் (அகச்சிவப்பு ஒளியை வைத்து என்ன பிளாஸ்டிக் என்று சொல்லும்) வைத்துப் பார்த்தால் வடிதாள் இழையும் ஸ்வெட்டர் நூலும் ஒரே அக்ரிலிக், அதாவது செயற்கை நூல்.

மேலதிகாரி "பிளாங்க்கை விட்டுடு, மாதிரியை மட்டும் எழுது" என்றார். முடியாது என்றேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஆரஞ்சு நிறப் பருத்திக் கோட்டைப் போட்டுக்கொண்டு (நம்மிடமிருந்து உதிர்வது எது என்று நிறத்திலேயே தெரிந்துவிடும்) முதலிலிருந்து ஓட்டினோம். நீலம் போயே போச்சு. மிச்சம் இருந்தவை பை கிழிசல் போன்ற பாலிஎத்திலீன் துண்டுகள், பாலிப்ரொப்பிலீன் துண்டுகள் (இரண்டும் பிளாஸ்டிக் வகைகள்). முதல் எண்ணில் பாதிகூடத் தேறவில்லை, ஆனால் அவை அந்த ஏரியில் உண்மையாகவே கிடந்தவை.

கட்டுரை வெளிவந்தது. அக்கா பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில் 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி'. கழுத்து வலிக்க எண்ணியவர்களுக்கு ஒரு வரி, மாதிரி பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கு வரிசையாகப் பெயர். இது எல்லாத் துறையிலும் நடப்பதுதான் என்பார்கள். நடக்கட்டும், எனக்கு ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

உடம்புக்கு வருவோம். 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு இத்தாலியக் குழுவின் ஆய்வு வந்தது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவை செய்துகொண்ட 257 பேரில் 150 பேரின் அடைப்புப் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. ஏறக்குறைய 3 வருஷம் தொடர்ந்து பார்த்ததில், படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து சுமார் நாலரை மடங்கு. இதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் பிளாஸ்டிக்கால்தான் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்கிறது. மூளையில் பிளாஸ்டிக் என்று 2025-ல் வந்த ஆய்வுக்கு வேறொரு சிக்கல். திசுவைச் சூடாக்கிச் சிதைத்து அளக்கும் அந்த முறையில் கொழுப்பும் பாலிஎத்திலீன் போலவே சமிக்ஞை தரும், மூளையோ கொழுப்பு நிறைந்தது. எங்கள் கையுறைகூட எதிரிதான். அதில் பூசியிருக்கும் ஸ்டியரேட் என்ற சோப்பு மாதிரிப் பொருள், கருவியின் கண்ணுக்குப் பாலிஎத்திலீன் மாதிரியே தெரியும்.

இதை வைத்து "எல்லாம் புரளி" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களுக்கு டயர் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வடமேற்கில் மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே ஓடைகளில் செத்து மிதந்துகொண்டிருந்தன, பல வருஷமாகக் காரணம் பிடிபடவில்லை. 2020-ல் பிடிபட்டது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. தேய்ந்த டயர் தூளிலிருந்து மழைநீரில் கசிந்து மீனைக் கொல்வது அதுதான். யாரும் புகைப்படம் எடுத்துப் போடாத கறுப்புத் தூள். ஸ்ட்ரா, பை என்று கத்துகிற அளவுக்கு டயரைப் பற்றி ஏன் பேச்சே இல்லை என்று எனக்குப் புரிவதில்லை.

துணி துவைப்பதும் அப்படித்தான். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை மெஷினில் போட்டால் 7 லட்சத்துக்கு மேல் இழைகள் உதிரலாம் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2016-ல் கணக்கிட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பெரும்பகுதி சிக்கிவிடும். சிக்கியது கசடில் தங்கும், கசடு உரமாக வயலுக்குப் போகும்.

சரி, புட்டி. பாலிப்ரொப்பிலீன் புட்டிகள் லிட்டருக்கு 1.6 கோடித் துகள் வரை விடுவதாக 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. சூடு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறுகிறது. அதற்குப் பயந்து ஆறின தண்ணீரில் பால்பொடி கரைக்காதீர்கள். பொடியில் கிருமி இருக்கலாம், 70 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது காரணத்தோடுதான். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் அந்தச் சூட்டில் கரைத்து, ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள். புட்டியைக் கொதிநீரில் கிருமி நீக்கினால், கொதித்து ஆறிய தண்ணீரால் மூன்று தடவை அலசிக்கொள்ளுங்கள். மைக்ரோவேவில் புட்டியை வைக்கவே வேண்டாம். கண்ணாடிப் புட்டிக்கு மாறினால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, ஆனால் கனம், விழுந்தால் உடையும். ராத்திரி அரைத்தூக்கத்தில் உங்கள் கைக்கு எது தோதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.