நீதிபதி ஆக ஆசைப்படும் மகளும் மூன்று லட்சம் டாலர் கடனும்

நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு மகள் ஃபெடரல் (மத்திய அரசின் நீதிமன்ற) நீதிபதி ஆக வேண்டும் என்கிறாள், சொந்தக்காரர்களோ சட்டம் என்றால் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, இல்லாவிட்டால் மெடிசின் என்கிறார்களாம். பதறாதீர்கள், அமெரிக்காவில் சட்டம் பட்டப்படிப்புக்குப் பிறகுதான், அதற்கு நான்கு வருடம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெரிய பெயருக்காக வீட்டை அடமானம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டணமே வருடத்துக்கு 70,000 டாலருக்கு மேல், தங்கும் செலவோடு மூன்று வருடத்தில் 3 லட்சத்தைத் தாண்டும். 2026 ஜூலை முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 வரைதான், மீதிக்குத் தனியார் கடன். அந்தச் சுமையோடு வெளியே வரும் பிள்ளை அரசு வழக்கறிஞர் சம்பளத்துக்கு எப்படி வரும்? நல்ல ஸ்காலர்ஷிப் தரும் மாநிலப் பல்கலைக்கழகம் போதும்.

உறவினர்கள் உதாரணம் காட்டும் ஃபெடரல் நீதிபதி ஸ்ரீ சீனிவாசனையே எடுத்துக்கொள்வோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மகன் வளர்ந்தது கன்சாஸில். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர்தான், ஆனால் படிப்பு முடிந்ததும் அவர் போனது ஒரு நீதிபதியிடம் லா கிளார்க்காக, அதாவது சட்ட உதவியாளராக, பின்னர் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம். ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டில் (மத்திய அரசின் சட்டத் துறை), உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்திலும் இருந்தார். 2013-இல் டி.சி. சர்க்யூட் என்ற வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாக செனட்டில் 97-0 என்று ஒப்புதல், 2020-இல் அதன் தலைமை நீதிபதி.

நம் வீடுகளில் யாரும் பேசாதது இந்த லா கிளார்க் வேலையைத்தான். ஓரிரு வருடம் நீதிபதியின் அறையிலேயே இருந்து, இரு தரப்பு மனுக்களையும் படித்து, முன்தீர்ப்புகளைத் தேடி, விசாரணைக்கு முன் குறிப்பு எழுதி, தீர்ப்பின் வரைவு வரை தயாரிக்கிற வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு. ஒரு நீதிபதி எப்படி முடிவுக்கு வருகிறார் என்பதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. உச்ச நீதிமன்றத்தையே குறிவைக்க வேண்டாம். சின்ன ஊர் மாவட்ட நீதிபதிகள், மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகள், திவால் நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் ஆள் எடுக்கிறார்கள். அங்கிருந்து ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் புது வழக்கறிஞர்களை எடுக்கும் ஹானர்ஸ் புரோகிராமுக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டு விஷயம் கண்டிப்பாக. நீதிபதி பதவி ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புக்கொள்ள வேண்டியது, யாரும் உத்தரவாதம் தர முடியாது. வழக்கறிஞர் வேலையே பிடிக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டில் வழக்கறிஞராக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நீங்கள் இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருந்தால், காலேஜ் தேர்வுக்கு முன்னால் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.