லூப் போட்டு ஜெயிச்சா தப்பா?

கேள்வி: ஸ்கைரிம்ங்கிற கேம்ல போஷன் (மந்திர மருந்து) லூப் போட்டு கத்திய ஏத்திக்கிட்டு டிராகனையெல்லாம் ஒரே வெட்டுல சாய்க்கிறேன். ஃப்ரெண்டு இது சீட்டிங்ங்கிறான். கேம்ல இருக்கிற வழியத்தானே யூஸ் பண்றேன், ஓட்டை விட்டது கம்பெனி தப்பு இல்லையா? ஆன்லைன் கேம்ல மட்டும் இதுக்குப் போய் பான் பண்றது என்ன நியாயம்? (ஒரு வாசகர்)

பதில்: ஓட்டை கம்பெனியோடதுதான் சார், யாரு இல்லன்னா. ஆல்கெமி (மருந்து காய்ச்சுற திறமை) ஏத்துற மோதிரத்தையும் நெக்லஸையும் மாட்டிக்கிட்டு ரெஸ்டோரேஷன்ங்கிற மந்திரத் திறமைய ஏத்துற போஷன் காய்ச்சி குடிச்சு, கழட்டி திரும்ப மாட்டினா அதோட பவர் ஏறிடுது, அத வச்சு இன்னும் பெரிய போஷன், அப்படியே சுத்தி சுத்தி கடைசில நம்பர் தாங்காம கேமே படுத்துக்கும். 2011ல வந்த கேம், இத அடைச்சது ரசிகர்கள் போட்ட பேட்ச்தான். தனியா ஆடுறீங்க, எதிர்ல யாரும் இல்ல, தாராளமா பண்ணுங்க. கடைக்காரன் தலைல பக்கெட்ட கவுத்துட்டு திருடுறதையும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன், கண்ண மறைச்சா பாக்க முடியாதுங்கிறது கேமோட ரூல்தான, அது மூளை. உங்க லூப்ல மூளை எங்க இருக்கு, வீடியோ பாத்து செஞ்சதுதானே?

ஆனா "கேம் விட்டுச்சு, அதனால சரி"ங்கிற வாதத்த ஆன்லைனுக்கு தூக்கிட்டு வராதீங்க. 2013 மே மாசம் டயாப்லோ 3ங்கிற ஆன்லைன் கேம்ல ஒரு பேட்ச் வந்துச்சு, நிஜப் பணத்துக்கு கோல்டு (கேம் காசு) விக்கிற ஏலக்கடைல ஒரு தடவைல விக்கிற அளவ பத்து லட்சத்துலேர்ந்து ஒரு கோடியா ஏத்தினாங்க, கணக்கு வழிஞ்சு, போட்ட ஏலத்த கேன்சல் பண்ணா போட்டதுக்கு மேல கோல்டு திரும்பி வந்துச்சு. கோட் விட்டுச்சுதான், ஆனா ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு சேத்தவனோட கோல்டுக்கு அப்புறம் என்ன மதிப்பு? அந்த ஏலக்கடையவே 2014 மார்ச்ல மூடிட்டாங்க (இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் இல்ல).

கம்பெனிங்க எப்பவும் யோக்கியம்னும் சொல்ல வரல. 2010ல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேம்ல என்சிடியாங்கிற கில்டு (சேந்து ஆடுற டீம்) 25 பேரா சேந்து லிச் கிங்ங்கிற பெரிய வில்லன உலகத்துலயே முதல்ல சாய்ச்சாங்க. சண்டை நடுவுல மேடையோட ஓரம் இடிஞ்சு விழணும், ஒருத்தர் போட்ட சாரோனைட் குண்டு அத திரும்ப கட்டிக் குடுத்துச்சு, வால்கிர்ங்கிற பறக்கிற எதிரி தூக்கிட்டு போய் போட்டாலும் கீழ விழாம நின்னாங்க. குண்டு நான் வழக்கமா போடுறதுதான்னு அவரு சொன்னாரு. ஆனாலும் அச்சீவ்மென்ட்டும் லூட்டும் (ஜெயிச்சு கிடைச்ச பொருளும்) போச்சு, 72 மணி நேரம் பான் வேற. முதல்ல யாருங்கிற ரேஸ்ல அத பிடுங்குனது சரி, பான் ஓவர், தன் மானம் போன கடுப்ப பிளேயர் மேல காட்டுனது.

உங்க ஃப்ரெண்டு விஷயத்துக்கு வர்றேன். நீங்க ஆடுறத குறை சொல்ல அவருக்கு உரிமை இல்ல, ஆனா கத்தி நம்பர காட்டி பீத்தும்போது லூப்பயும் சேத்து சொன்னீங்களா? சொல்லிருந்தா இந்தக் கடுதாசி வந்திருக்காதுன்னு தோணுது. மிச்சம் இருக்கிற போஷன விக்கலாம்னு நினைக்காதீங்க, ஸ்கைரிம்ல இருக்கிற ஒயிட்ரன் ஊர்ல அந்த விலைக்கு எந்தக் கடைக்காரன்கிட்டயும் காசு கிடையாது.