அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு டெலிகொம் சான்றிதழ்

கேள்வி: அன்புள்ள அக்கா, என் அப்பா தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, அது கம்பனியான பிறகு ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். போன மாதம் அவருடைய தகரப் பெட்டியைத் துப்புரவாக்கியபோது ‘ஸ்ரீ லங்கா டெலிகொம் லிமிட்டெட்’ என்று அச்சடித்த ஒரு பங்குச் சான்றிதழ் கிடைத்தது. “அந்தப் பெயரில் இப்போது கம்பனியே இல்லை, எல்லாவற்றையும் மலேசியாக்காரர் வாங்கிவிட்டார்கள், இது வெறும் காகிதம்” என்கிறார் அத்தான். பக்கத்து வீட்டு ஐயாவோ, டெலிகொம் அரசாங்கத்தின் சொத்து, தனியாருக்குப் பங்கே இல்லை என்கிறார். உண்மையில் அது யாருடையது? அப்பாவுக்கும் அதில் ஏதாவது இருந்ததா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்தச் சான்றிதழை மடிக்காமல், லமினேட் செய்யாமல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

உங்கள் அப்பாவுக்கு அதில் பங்கு இருந்தது. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அத்தானுக்கு வந்த சந்தேகம் பெயரால் வந்தது. 2007இன் கம்பனிகள் சட்டத்துக்குப் பிறகுதான் பங்குச் சந்தையில் இருக்கிற கம்பனிகள் எல்லாம் பெயருக்குப் பின்னால் ‘பி.எல்.சி.’ என்று போடத் தொடங்கின. அதற்கு முன் ‘லிமிட்டெட்’. கம்பனி ஒன்றுதான். உங்கள் பத்திரம் பழைய பெயரில் இருப்பதால் அது செல்லாமல் போகாது.

இனிக் கதையைச் சொல்கிறேன். 1991இல் திணைக்களம் கூட்டுத்தாபனமானது. 1996 செப்டம்பரில் கூட்டுத்தாபனம் கம்பனியானது. அன்றைக்கு எல்லாப் பங்கும் அரசாங்கத்தின் கையில். மொத்தப் பங்குகள் 180 கோடியே 48 லட்சத்து 60 ஆயிரம். இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்திருங்கள். 1997 ஓகஸ்ட்டில் அதில் 35.2 வீதத்தை ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. வாங்கியது, நிர்வாகமும் அவர்கள் கைக்குப் போனது. அடுத்த வருஷம், 1998இல், அரசாங்கம் தன் பங்கிலிருந்து 3.5 வீதத்தை ஊழியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. 3.5 வீதம் என்றால் 6 கோடியே 31 லட்சத்து 70 ஆயிரத்து 100 பங்குகள். உங்கள் அப்பாவின் பெட்டியில் இருக்கிற காகிதம் அனேகமாக அந்த 6 கோடியில் ஒரு துண்டு. கம்பம் ஏறி, வெயிலிலும் மழையிலும் கம்பி இழுத்த மனிதர்களுக்கு, அவர்கள் இழுத்த கம்பியிலேயே ஒரு பங்கு கொடுத்தார்கள். அது சரியான செயல் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

2002 நவம்பரில் ஏறத்தாழ இன்னொரு 12 வீதத்தை அரசாங்கம் பொதுமக்களுக்கு விற்றது. அதைத் தொடர்ந்துதான் டெலிகொம் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. நான் அந்த நாட்களில் கொழும்பில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் இருந்தேன். வாழ்க்கையில் ஒரு பங்கும் வாங்கியிராத ஆசிரியர்மாரும் தபால் உத்தியோகத்தர்களும் விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டு வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் 2008. ஜப்பான்காரர்கள் தங்கள் 35.2 வீதத்தை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியது குளோபல் டெலிகொமியூனிகேஷன்ஸ் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம். பெயரைப் பார்த்து எந்த நாடு, எந்த மனிதர் என்று ஒன்றும் பிடிபடாது. பின்னால் இருந்தது மலேசியாவின் உசாஹா தெகாஸ். அதன் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா போன தமிழ்க் குடும்பத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர். மெக்ஸிஸ் தொலைபேசிக் கம்பனி, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி எல்லாம் அவர் உண்டாக்கியவை. 2024 நவம்பரில் தன் 86ஆவது வயதில் காலமானார். அவர் போனதால் டெலிகொமின் பங்குப் பதிவேட்டில் ஒரு வரியும் மாறவில்லை, ஏனென்றால் அங்கே எழுதியிருப்பது கம்பனியின் பெயர். உங்கள் அப்பாவின் விஷயம் அப்படி இல்லை. பதிவேட்டில் இருப்பது அவருடைய சொந்தப் பெயர், அதை யாராவது போய் மாற்றித்தான் ஆகவேண்டும். அதை எப்படிச் செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் ஒரு கம்பனியில் 30 வீதத்தைத் தொட்டால், மற்றப் பங்காளர்கள் எல்லோரிடமும் “உங்களுடையதையும் வாங்கத் தயார்” என்று கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டதில் அந்த மலேசியப் பங்கு 44.98 வீதமானது. திறைசேரியின் கையில் 49.5 வீதம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 94.48. மிச்சம் 5.52 வீதம்தான். ஊழியர்களும் பொதுமக்களுமாக 15 வீதத்துக்கு மேல் வைத்திருந்த இடத்தில், மூன்றில் இரண்டு பகுதி கைமாறிவிட்டது.

ஆகவே அத்தானும் முழுக்கப் பிழை இல்லை, பக்கத்து வீட்டு ஐயாவும் முழுக்கப் பிழை இல்லை. ஆனால் ‘எல்லாம்’ என்று இருவரும் சொன்னதுதான் பிழை. அரசாங்கத்திடம் பாதி கூட இல்லை, அரை வீதம் குறைவு. சாதாரணத் தீர்மானம் ஒன்றைக் கூட, மற்ற எல்லோரும் எதிர்த்து வாக்களித்தால், அரசாங்கத்தால் தனியே நிறைவேற்ற முடியாது. கம்பனியின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற பெரிய விஷயங்களுக்கு வாக்களிப்பில் 75 வீதம் தேவை. அதற்கு இரண்டு பெரியவர்களும் ஒத்துப்போக வேண்டும்.

2023இல் அரசாங்கம் இந்த 49.5 வீதத்தையும் விற்கப் புறப்பட்டது. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. ஆலோசகராக இருந்தது, இந்தியாவின் ஜியோ உட்பட மூன்று நிறுவனங்கள் முன்வந்தன. 2024இல் ஆட்சி மாறிய பிறகு அந்த முயற்சி நிறுத்தப்பட்டது. அப்படி விற்றிருந்தாலும் உங்கள் அப்பாவின் பங்கை யாரும் தொட்டிருக்க முடியாது. விற்கப்படுவது திறைசேரிச் செயலாளர் பெயரில் இருக்கிற பங்குதான்.

சரி, அப்பா 2008இலோ அதற்கு முன்னோ விற்றிருக்க மாட்டாரா? இருக்கலாம். ஆனால் சந்தையில் விற்க வேண்டுமென்றால் முதலில் சான்றிதழைத் தரகரிடம் கொடுத்து, மத்திய வைப்பகக் கணக்கில், அதாவது நாங்கள் சீ.டீ.எஸ். என்கிற கணக்கில், பங்கை வரவு வைக்க வேண்டும். காகிதம் கைவிட்டுப் போய்விடும். அசல் சான்றிதழ் பெட்டியிலேயே இருப்பதால்தான் அவர் விற்கவில்லை என்று நம்புகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். சான்றிதழில் இலக்கமும் பங்குகளின் எண்ணிக்கையும் இருக்கும். அவற்றையும் அப்பாவின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, மரணச் சான்றிதழின் பிரதியோடு கம்பனிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பங்குகள் இன்னும் அவர் பெயரில் உள்ளனவா, கொடுபடாத பங்கிலாபம் ஏதாவது நிற்கிறதா. இரண்டாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பதில் எழுத்தில் வரட்டும், தொலைபேசியில் சொன்னால் போதாது. பிறகு பங்கு உங்கள் அம்மாவின் பெயருக்கோ பிள்ளைகளின் பெயருக்கோ வரவேண்டும். அப்பா மரணசாதனம் எழுதியிருக்கிறாரா, வேறு சொத்துகள் எவ்வளவு பெறுமதி என்பதைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட வேண்டி வரலாம். மட்டக்களப்பிலேயே ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், இதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டாம்.

பங்கிலாபத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் அம்மாவிடம் ஒரு தோட்டக் கம்பனியின் கொஞ்சப் பங்குகள் இருந்தன. 83க்குப் பிறகு நாங்கள் வீடு மாறினோம். புது முகவரியை யாரும் அறிவிக்கவில்லை. வருஷக் கணக்காகக் காசோலைகள் பழைய வீட்டு வாசலுக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. அம்மா மருந்துக்குக் காசு பார்த்துப் பார்த்துச் செலவழித்த வருஷங்கள் அவை. நானே அந்தத் தொழிலில் இருந்தும் கேட்கவில்லை. உங்கள் குடும்பமும் 1998க்குப் பிறகு இடம் மாறியிருந்தால், பழைய முகவரிகள் எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் பாவிப்பது டயலொக். அதுவும் வெளிநாடா?
– வாசகர், வவுனியா

பதில்: பெரும் பங்கு வெளிநாடுதான். டயலொக்கின் பெரும்பான்மைப் பங்கு மலேசியாவின் ஆக்சியாட்டா குழுமத்திடம். ஆக்சியாட்டாவின் மிகப் பெரிய பங்காளர் கஸானா, அதாவது மலேசிய அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனம். 2024 ஜூனில் இலங்கை எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தபோது இந்தியாவின் பாரதி எயார்டெல்லுக்குக் காசு கொடுக்காமல் 10.355 வீதப் பங்கு கொடுத்தார்கள். மிச்சத்தைக் கொழும்புச் சந்தையில் நீங்களும் நானும் வாங்கலாம். நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள்: ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் கடைசிப் பக்கங்களில் முதல் 20 பங்காளர்களின் பெயரும் பங்கும் இருக்கும். டெலிகொமின் அறிக்கையிலும் அதே பட்டியல் உண்டு.