சம்பளம் வாங்காமல் நியூசிலாந்தை வென்றவர்கள்: விளையாட்டுக் கேள்வி – பதில்

கே.ரா., திருநெல்வேலி: மன்ஸ்டர் என்ற ரக்பி அணி நியூசிலாந்தை 12–0 என்று வீழ்த்தியதாகப் படித்தேன். மன்ஸ்டர் என்பது நாடா, ஊரா, கிளப்பா?

மூன்றும் இல்லை, மாகாணம். அயர்லாந்துத் தீவின் நான்கு மாகாணங்களில் தெற்கே இருப்பது. கார்க், கெர்ரி, லிமெரிக், டிப்பரேரி, கிளேர், வாட்டர்ஃபோர்ட் என்று ஆறு கவுண்டிகள் அதில் அடக்கம். 1879-ல் அயர்லாந்து ரக்பி யூனியன் அமைந்தபோதே மன்ஸ்டருக்கு ஒரு கிளை கிடைத்துவிட்டது.

ஆனால் 1995 வரை மன்ஸ்டர் அணி என்று ஒன்று ஆண்டு முழுக்க இருந்ததே இல்லை. வீரர்கள் அவரவர் கிளப்புக்குத்தான் சொந்தம். லிமெரிக்கில் கேரிஓவன், ஷானன், யங் மன்ஸ்டர். கார்க்கில் கான்ஸ்டிடியூஷன், சண்டேஸ் வெல், டால்ஃபின். ஆண்டுக்கு மூன்று முறை லெய்ன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் மாகாணங்களுடன் மோத வேண்டும். வெளிநாட்டு அணி ஏதாவது சுற்றுப்பயணம் வந்தால் அதனுடன் ஓர் ஆட்டம். அதற்காகச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடுவார்கள், ஆடுவார்கள், கலைந்துவிடுவார்கள். அணியில் கார்க் ஆட்கள் எத்தனை, லிமெரிக் ஆட்கள் எத்தனை என்ற சண்டையும் ஒவ்வொரு தேர்விலும் உண்டு. மைதானமும் இரண்டு: லிமெரிக்கில் தோமண்ட் பார்க், கார்க்கில் மஸ்கிரேவ் பார்க்.

எஸ். முருகவேல், சேலம்: அமெச்சூர் என்றால் உண்மையிலேயே காசு வாங்க மாட்டார்களா? மறைமுகமாகக்கூடவா?

விதி மிகக் கடுமையானது. 1895-ல் வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டன. மறுத்தார்கள். அந்தக் கிளப்புகள் பிரிந்துபோய்த் தொடங்கியதுதான் இன்றைய ரக்பி லீக். மிச்சமிருந்த கிளப்புகளின் ‘ரக்பி யூனியன்’ ஆட்டம் அதன்பின் நூறு ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தது. தன் ஆட்ட வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிப் பணம் வாங்கினாலும் தடை!

ஆகவே மன்ஸ்டர் வீரர்களுக்கு வேறு பிழைப்பு இருந்தது. அந்த 12–0 வெற்றி கிடைத்த 1978-ல் அணியின் பயிற்சியாளர் டாம் கீர்னன் ஒரு கணக்காளர். ப்ராப் (முன்வரிசை ஆட்டக்காரர்) ஜெரி மெக்லஃப்லினும் சென்டர் (பின்வரிசையின் நடு ஆட்டக்காரர்) ஷேமஸ் டெனிசனும் ஆசிரியர்கள். லாக் (இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்) மாஸ் கீன் விவசாயத் துறை ஊழியர். அவர் அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தில் கெர்ரியின் வீரர். ரக்பி போன்ற ‘அந்நிய ஆட்டங்கள்’ ஆடினால் கேலிக் சங்கம் தடை போடும் என்பதால், ஆரம்பத்தில் மாஸ் ஃபென்டன் என்ற பொய்ப் பெயரில் ஆடினார். 1971-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

வி. லதா, கோயம்புத்தூர்: ரக்பி பணக்காரப் பள்ளிகளின் ஆட்டம் என்பார்களே?

டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் பெரும்பாலும் அப்படித்தான். லிமெரிக்கில் துறைமுகத் தொழிலாளியும் ஆடினார், டாக்டரும் ஆடினார்.

ஆர். ஜெ., சென்னை-33: 1978 வெற்றி குருட்டு அதிர்ஷ்டம்தானே? வேலைக்குப் போகிறவர்கள் உலகின் தலைசிறந்த அணியை எப்படி வெல்ல முடியும்?

அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் பழைய ஸ்கோர்களைப் பார்ப்பதில்லை. 1905-ல் நியூசிலாந்திடம் 33–0 என்று உதை வாங்கியது உண்மை. 1954-ல் 6–3, 1963-ல் மறுபடியும் 6–3. இரண்டும் தோல்வி என்றாலும் இடைவெளியைப் பாருங்கள். 1967-ல் ஆஸ்திரேலியாவை 11–8 என்று வென்றார்கள். பெரிய சுற்றுப்பயண அணியை ஓர் ஐரிஷ் மாகாணம் வென்றது அதுவே முதல் முறை. 1973-ல் நியூசிலாந்துடன் 3–3 சமன். கதவை இருபது ஆண்டுகளாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

1978-க்கு வருவோம். அந்த செப்டம்பரில் கீர்னன் அணியை லண்டனுக்குக் கூட்டிப்போனார். மிடில்செக்ஸ் கவுண்டி அணி 33–7 என்று துவைத்து எடுத்தது. என் கணிப்பில் அந்தத் தோல்விதான் பெரிய லாபம். முன்வரிசை தாங்கவில்லை என்பது அக்டோபருக்கு முன்பே தெரிந்துவிட்டது. லண்டன் ஐரிஷ் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த லெஸ் வைட்டை ப்ராப் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரு அணியும் தோள் கோத்து எதிரெதிரே தள்ளும் ஸ்க்ரம்மில் எட்டுப் பேர் தள்ளினாலும் பாரம் முழுக்க இறங்குவது முன்வரிசை மூவர் மேல். அங்கே ஓர் ஆள் நசுங்கினால் உங்கள் பந்தே எதிரியின் பக்கம் போய்விடும்.

ஆட்டம் 1978 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை, தோமண்ட் பார்க்கில். நியூசிலாந்துக்கு அது பயணத்தின் ஐந்தாவது ஆட்டம். முந்தைய நான்கிலும் வெற்றி. நான்கு நாளில் அயர்லாந்துடன் டெஸ்ட் இருந்தும் கேப்டன் கிரஹாம் மௌரி அன்று களத்தில் இருந்தார். பொடியன்களை அனுப்பித் தோற்றார்கள் என்ற சாக்கு செல்லாது.

மன்ஸ்டரின் திட்டம் எளிது. பந்து எதிரியின் சென்டர் கைக்கு வரும்போதே ஆள் மேலே விழுந்திருக்க வேண்டும். ஆரம்ப நிமிடங்களிலேயே ஓடி வந்த ஸ்டூ வில்சனை டெனிசன் அடித்துச் சாய்த்தார். வில்சனைவிட உருவத்தில் சிறியவர் அவர். அதன்பின் நியூசிலாந்தின் பின்வரிசை தயங்கத் தொடங்கியது.

இந்தத் தற்காப்பில் ஆபத்தும் உண்டு. வரிசை ஒரே கோடாக மேலே ஏற வேண்டும். ஒருவர் இரண்டடி முந்தினாலும் அவருக்குப் பக்கத்தில் சந்து விழும். அடுத்தது, வரிசையின் முதுகுப்புறம் காலி. அங்கே பந்தை உதைத்துப் போட்டால் கதை முடிந்தது. அதற்காகத்தான் ஃபுல்பேக் லாரி மலோனி நின்றார்.

11-ஆம் நிமிடத்தில் ட்ரை (எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது). மன்ஸ்டரின் டோனி வார்ட் உதைத்த பந்து துள்ளி விங் (ஓரத்து ஆட்டக்காரர்) ஜிம்மி போவனிடம் வந்தது. அவர் வெட்டி ஓடி, தொடர்ந்து வந்த ஃப்ளாங்கர் (ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்பவர்) கிறிஸ்டி கான்டிலனிடம் கொடுக்க, கம்பத்துக்கு நேர் கீழே பந்தை வைத்தார். வார்ட் கன்வெர்ஷன் (ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதை) அடித்தார், பிறகு ஒரு டிராப் கோல் (தரையில் பட்டு எழும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது), இடைவேளையில் 9–0. கடைசிக் கட்டத்தில் இன்னொரு டிராப் கோல். அந்தப் பயணத்தில் நியூசிலாந்து ஆடிய 18 ஆட்டங்களில் தோற்றது இது ஒன்றுதான். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நான்கையும் வென்று முதல் கிராண்ட் ஸ்லாமோடு ஊர் திரும்பினார்கள்.

ப. நிர்மலன், கண்டி: ‘கேரிஓவன்’ உதை அந்தக் கிளப்பிலிருந்து வந்ததா? எங்கள் அணி உயர உதைத்தால் எதிரி சுலபமாகப் பிடித்துவிடுகிறார். எங்கே தவறு?

ஆம், லிமெரிக்கின் கேரிஓவன் கிளப்பிலிருந்து வந்த பெயர்தான். மழையும் சேறும் உள்ள ஊரில் கையால் பந்து கடத்துவதைவிட வானத்தில் அனுப்பித் துரத்துவது லாபம்.

தவறு பெரும்பாலும் உதையில் இருக்காது, துரத்தலில் இருக்கும். பந்து காற்றில் நான்கு விநாடி நின்றால், நல்ல ஓட்டக்காரர் அதற்குள் 25 மீட்டரைத் தாண்டிவிடுவார். ஆகவே பந்து 25 மீட்டருக்குள் விழும்படி இருக்க வேண்டும். நீங்கள் 40 மீட்டர் உதைத்தால் பிடிப்பவருக்குச் சாவகாசமாகப் பரிசு கொடுக்கிறீர்கள். பந்தின் மூக்கு சற்று மேல்நோக்கி இருக்க, அடிவயிற்றில் பாதத்தின் மேல்பகுதி பட வேண்டும். உதைத்த கால் உயரமாக மேலே போக வேண்டும். உடம்பு முன்னால் சாய்ந்தால் பந்து தாழ்ந்து நீண்டுவிடும்.

துரத்துகிறவர்கள் உதைப்பவருக்குப் பின்னாலிருந்துதான் கிளம்ப வேண்டும், முன்னால் நின்றால் ஆஃப்சைடு. மூன்று பேர் போதும். ஒருவர் பந்துக்கு எம்பட்டும். இருவர் தட்டி விழும் பந்தைப் பொறுக்க இரு புறமும் வரட்டும். எம்பியிருப்பவரைக் காற்றில் இருக்கும்போது தொடாதீர்கள், அட்டை கிடைக்கும். எதிரியின் 22 மீட்டர் கோட்டுக்குள் விழும்படி உதைப்பதும் வீண். அங்கே சுத்தமாகப் பிடித்து ‘மார்க்’ என்று கத்தினால் அவருக்கு ஃப்ரீ கிக்.

அதே வாசகர்: டிராப் கோல் பழகுவது எப்படி?

பந்தை இரு கையாலும் செங்குத்தாகப் பிடியுங்கள், மேல்முனை லேசாக உங்கள் பக்கம் சாய்ந்திருக்கட்டும். எறியக் கூடாது, விட வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து நேராக விழுந்து, தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்திலேயே கால் படவேண்டும். தரையில் படுவதற்கு முன் உதைத்தால் அது டிராப் கோலே ஆகாது. தாமதித்தால் நீள்வட்டப் பந்து எந்தத் திசையில் துள்ளும் என்பது அதற்கே தெரியாது.

முதலில் கம்பத்தை மறந்துவிட்டு, விடும் பந்து நேராக உங்கள் கைக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு 15 மீட்டரிலிருந்து தொடங்குங்கள். குறுக்குக் கம்பி 3 மீட்டர் உயரம், இரு கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர், இடம் தாராளம். ஆட்டத்தில் தவறுவது நேரமின்மையால். ஸ்க்ரம்முக்குப் பின்னால் 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், இல்லாவிட்டால் ஓடிவரும் ஃப்ளாங்கர் பந்தைத் தடுத்துவிடுவார்.

மு. செல்வி, மதுரை: அந்த 1978 ஆட்டத்தின் வீடியோ முழுதாக எங்கே கிடைக்கும்?

எங்கும் இல்லை. தொலைக்காட்சியில் நேரலை கிடையாது, துண்டுக் காட்சிகள் மட்டுமே மிஞ்சின. அன்று மைதானத்தில் இருந்தவர்கள் சுமார் 12,000 பேர். இருந்ததாகச் சொல்பவர்களைக் கூட்டினால் தோமண்ட் பார்க் பத்து வேண்டும்.

டி. அருள், புதுச்சேரி: அமெச்சூர் காலம் முடிந்தபின் மன்ஸ்டர் என்ன ஆனது?

1992-ல் கடைசியாக ஒரு பெரிய வேட்டை: உலகக் கோப்பை வென்றிருந்த ஆஸ்திரேலியாவை மஸ்கிரேவ் பார்க்கில் 22–19 என்று வீழ்த்தினார்கள். 1995 ஆகஸ்டில் சர்வதேச ரக்பி வாரியம் ஊதியத் தடையை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஐரோப்பாவின் ஹைனக்கன் கோப்பை தொடங்கியது. மன்ஸ்டர் முதல் ஆட்டத்தில் ஸ்வான்சீயை 17–13 என்று வென்றது. 2006, 2008 இரண்டிலும் கோப்பையே கைக்கு வந்தது. நஷ்டம் கிளப்புகளுக்கு. மாகாணம் முழுநேர அணியானதும் நல்ல ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை கிளப் ஆட்டத்துக்கு வருவது அபூர்வமாகிவிட்டது. 1990-களில் அகில அயர்லாந்து லீக்கை ஆண்ட லிமெரிக் கிளப்புகளின் ரசிகர் கூட்டமும் கரைந்துபோனது.

எம். கதிரவன், ஈரோடு: 12–0 இன்றைய கணக்கில் எவ்வளவு?

13–0. அன்று ட்ரைக்கு 4 புள்ளி, இன்று 5. கன்வெர்ஷன் 2, டிராப் கோல் 3 என்பதில் மாற்றமில்லை.