ஒரு நாட்டை இணையத்திலிருந்தே துண்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

உக்ரைன் இதைக் கேட்டே பார்த்துவிட்டது. 2022 பிப்ரவரி இறுதியில், போர் மூண்டு ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், ரஷ்யாவின் டாட் ஆர்யூ (.ru) என்று முடியும் முகவரிகளை ரத்து செய்யச் சொல்லி உக்ரைன் அமைச்சர் ஐகான் அமைப்புக்குக் கடிதம் எழுதினார். இணையப் பெயர்களின் தலைமைப் பட்டியலை நிர்வகிப்பது ஐகான். கலிஃபோர்னியாவில் பதிவான, லாப நோக்கமற்ற நிறுவனம். சில நாட்களிலேயே மறுத்துவிட்டது.

மறுத்தது சரி என்பேன். அந்தப் பட்டியலுக்குக் காவல் நிற்பது சட்டத்தைவிட நம்பிக்கைதான். ஐகான் பிறப்பதற்கு முன் அதைக் கவனித்துவந்தவர் ஜான் போஸ்டல் என்ற தாடிக்காரக் கணினி அறிஞர். 1998 ஜனவரியில் ஒருநாள், ‘இனி என் கணினியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் அந்தப் பட்டியலின் நகலை வைத்து உலகுக்கு வழங்கும் ‘ரூட் சர்வர்’ கணினிகளின் நடத்துநர்கள் சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மொத்தம் 12 பேரில் 8 பேர் மறுபேச்சின்றி மாறிவிட்டார்கள்! அமெரிக்க அரசு பதறியது. சோதனைதான் என்று சொல்லி அவரும் பழையபடி மாற்றிவிட்டார். அதே ஆண்டில் ஐகான் உருவானது, போஸ்டலும் காலமானார். ஐகானுக்கும் அமெரிக்க அரசுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது 2016 அக்டோபரில்தான்.

உங்கள் கேள்வியில் ‘நாடு’ என்பதை ‘மாவட்டம்’ என்று மாற்றினால் கதையே வேறு. 2018 மே மாதம், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. அதற்கு ஐகான் எதற்கு? மாநில உள்துறைச் செயலாளர் கையெழுத்திட்ட ஆணை போதும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிறுத்திவிடும். அன்றைக்கு அந்த அதிகாரம் வந்தது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்கீழ் 2017இல் போட்ட விதிகளிலிருந்து. தந்தி சேவையே 2013இல் நின்றுபோனது என்பது வேறு விஷயம்.

காஷ்மீரில் இணையத்தை முடக்கியது பற்றிய வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்றது. 2024இல் புதிய விதிகள் வந்துவிட்டன; ஓர் ஆணைக்கு 15 நாள்தான் உச்சவரம்பு. கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் மாறவில்லை, அதே உள்துறைச் செயலாளர்தான்.